வினாத்தாள் இல்லாத தேர்வு

தேர்வு என்ற சொல்லைக் கேட்டதும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நம் நினைவில் எழுவன எவை? எண் ஒட்டிய மேசை, நூல் கோத்துக் கட்டிய விடைத்தாள், நேரம் முடியப் போகிறது என்று எச்சரிக்கும் மணியோசை. மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறோம். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. பேசாதிருப்பதும் திரும்பாதிருப்பதுமே நல்ல மாணவிக்கு அடையாளம். ஆனால் தேர்வுக்கு வந்தவர் வாய் திறந்து பேசியே ஆக வேண்டும், நாற்புறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும், பார்க்கத் தவறினால் தேர்ச்சியே இல்லை என்று சொல்லும் தேர்வும் உலகில் ஒன்று உண்டு! அதுதான் சிறு விமானம் ஓட்டும் உரிமத்துக்காக வானில் நடைபெறும் செய்முறைத் தேர்வு.

அமெரிக்க நாட்டின் விமானப் போக்குவரத்து நிருவாகம் இத்தேர்வில் என்னென்ன கேட்கப்படும், எந்த அளவுக்குச் செய்தால் தேர்ச்சி என்பதையெல்லாம் நூலாக்கி, எவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் புதிய வடிவம் பெற்ற அந்த அளவுகோலைப் பற்றிப் படித்தபோது எங்களிடையே எழுந்த எண்ணங்களையே இங்கு எழுதுகிறோம். விமானியாகும் ஆசை எங்கள் வகுப்பில் இரண்டொருவருக்குத்தான் உண்டு. ஆனால் தேர்வு என்பது எல்லாருக்கும் உண்டல்லவா? எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஒருவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதோடு நில்லாமல், தம் தவற்றைத் தாமே கண்டு திருத்துவாரா, ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வாரா என்றும் பார்ப்பதுதான் நல்ல தேர்வு. நம் பள்ளித் தேர்வுகளில் இந்த இரண்டுக்கும் இடமில்லாதது பெருங்குறை.

அந்நாட்டில் தனியார் விமானி உரிமம் பெற வயது பதினேழு நிறைந்திருக்க வேண்டும். குறைந்தது 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அதில் 10 மணி நேரம் ஆசிரியர் இல்லாமல் தனியே. எழுத்துத் தேர்வும் உண்டு. 60 வினாக்கள், 70 விழுக்காடு பெற்றால் போதும். இதுவரை நம்முடைய தேர்வுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதன் பிறகு ஒரு நாள் தேர்வாளர் ஒருவர் முன் செல்ல வேண்டும். முதலில் தரையில் அமர்ந்து வாய்மொழி வினாக்கள், பிறகு விமானம். அந்த விமானம் பெரும்பாலும் செஸ்னா 172 ஆக இருக்கும். நால்வர் அமரக்கூடிய, இறக்கை தலைக்கு மேலிருக்கும், ஒற்றை எஞ்சின் விமானம் அது. 1955-இல் முதன்முதல் பறந்த இந்த வகையில் இதுவரை 44,000-க்கு மேல் கட்டப்பட்டுள்ளன. உலகில் வேறெந்த வகை விமானமும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்பட்டதில்லை.

வாய்மொழித் தேர்வின் வினாக்கள் மனப்பாடத்துக்கு அகப்படாதவை. ‘இந்த விமானம் இன்று பறக்கத் தகுதியுடையது என்று எனக்குக் காட்டுங்கள்’ என்பார் தேர்வாளர். பதிவுச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ், பழுதுபார்த்த குறிப்பேடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எந்தச் சோதனை எந்த நாளில் முடிந்தது என்று சுட்டிக்காட்ட வேண்டும். பிறகு எடைக் கணக்கு. எரிபொருள் எவ்வளவு, பெட்டி எவ்வளவு, ஆட்கள் எவ்வளவு என்று கூட்டி, விமானத்தின் ஈர்ப்பு மையம் உரிய எல்லைக்குள் இருப்பதாகக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இதற்காகத் தேர்வுக்கு வருபவர் முன்கூட்டியே தேர்வாளரிடம், ‘ஐயா, உங்கள் எடை எவ்வளவு?’ என்று கேட்டாக வேண்டும்! நம் பொதுத் தேர்வு மையத்தில் கண்காணிப்பாளரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கும் துணிச்சல் நம்மில் யாருக்கு உண்டு?

கணக்கெல்லாம் முடிந்ததும் முதன்மையான வினா வருகிறது. இன்றைய வானிலையில் இந்தப் பயணம் போகலாமா, வேண்டாமா? இதற்கு விடை எந்தப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் அச்சிடப்படவில்லை. மேகம் தாழ்ந்திருந்தாலோ, பக்கக்காற்று மிகுந்திருந்தாலோ, தமக்குக் காய்ச்சல் அடித்தாலோ, ‘இன்று வேண்டாம், வேறொரு நாள் வருகிறேன்’ என்று தேர்வுக்கு வந்தவர் கூறலாம். அது தோல்வியாகாது. பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த பகுதிகளைக் குறித்து ஒரு கடிதம் தருகிறார்கள். 60 நாட்களுக்குள் திரும்பி வந்து எஞ்சிய பகுதியை மட்டும் முடித்தால் போதும். மாறாக, வானம் கறுத்திருக்கும்போது, ‘பணம் கட்டிவிட்டோமே, தேர்வாளர் வந்துவிட்டாரே’ என்று எண்ணிக் கிளம்புகிறவர் உண்மையில் அங்கேயே தோற்கத் தொடங்கிவிடுகிறார்.

இதைப் படித்தபோது நாங்கள் வியந்தோம். காய்ச்சலோடு வந்து தேர்வெழுதிய மாணவியை நாம் வீராங்கனை என்கிறோம்; மேடையில் அவள் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறோம். பாவம், அவளுக்கும் வேறு வழியில்லை. அன்று எழுதாவிட்டால் துணைத் தேர்வுக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் காய்ச்சலோடு வேலை செய்வதே பெருமை என்று பழகிப்போன பெண், பிற்காலத்தில் செவிலியாகவோ ஓட்டுநராகவோ ஆகும்போது, ‘இன்று என்னால் இயலாது’ என்று சொல்ல எங்கே கற்றுக்கொள்வாள்?

இனி விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும். எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். நீர் கலந்திருந்தால் அது கீழே குமிழாகத் தங்கும். பெட்ரோல் நீலநிறமாக இருந்தால் அது உரிய வகை எரிபொருள். இறக்கையின் அசையும் பகுதிகள் தடையின்றி அசைகின்றனவா, சக்கரத்தில் காற்று சரியா, எங்கேனும் ஏதேனும் மறந்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றெல்லாம் தொட்டுப் பார்க்கிறார்கள். பிறகு தேர்வாளரையே பயணியாகக் கருதி, இருக்கைப் பட்டையை எப்படிப் பூட்டுவது, கதவை எப்படித் திறப்பது என்று விளக்க வேண்டும். ஆயிரம் முறை பறந்த அந்தப் பெரியவருக்குப் பட்டை பூட்டத் தெரியாதா என்று நமக்குத் தோன்றலாம். தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இது வெறும் சடங்கா? பெஸ்ஸி கோல்மன் என்னும் பெண்மணியை நினைத்துப் பார்ப்போம். 1892-இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சிகாகோ நகரில் நகப்பூச்சு வேலை செய்து பிழைத்தவர். பறக்கக் கற்க விரும்பினார். கறுப்பர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரெஞ்சு மொழி படித்தார்! கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று பயின்று, 1921 ஜூன் 15 அன்று உரிமம் பெற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1926 ஏப்ரல் 30 அன்று ஃபுளோரிடாவில், வேறொருவர் ஓட்டிய விமானத்தில் பட்டை பூட்டாமல் அமர்ந்து கீழே நிலத்தைப் பார்த்து வரும்போது, விமானம் திடீரெனக் குப்புறக் கவிழ அவர் தூக்கியெறியப்பட்டு மாண்டார். கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கிடையே ஒரு திருகுகுறடு சிக்கியிருந்ததாகப் பின்னர் கண்டார்கள். அமெரிக்காவில் உரிமம் பெற்ற முதல் பெண்ணான ஹாரியட் குயிம்பியும் 1912 ஜூலை முதல் நாள் பாஸ்டன் நகருக்கு அருகே விமானத்திலிருந்து விழுந்தே இறந்தார். அவரும் அவரோடிருந்தவரும் பட்டை அணிந்திருக்கவில்லை. மறந்து விடப்பட்ட பொருளைத் தேடுவதும் பட்டையைப் பற்றிப் பயணிக்குச் சொல்வதும் ஏன் தேர்வில் வருகின்றன என்று இனி யாரும் கேட்க மாட்டோம்.

குயிம்பி அம்மையார் தேர்வு கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுவோம். 1911 ஆகஸ்டு முதல் நாள். நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் புல்வெளி. நடுவர்கள் தரையில் நின்றார்கள். அவர் மட்டும் வானில். இரண்டு கம்பங்களைச் சுற்றி எட்டு என்ற எண் வடிவில் பறக்க வேண்டும். 50 மீட்டர் உயரமாவது ஏற வேண்டும். குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவர் எட்டடிக்கும் குறைவான தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்! அமெரிக்க வானூர்திக் கழகத்தின் 37-ஆம் எண் உரிமம் அவருடையது. மறு ஆண்டு ஏப்ரல் 16 அன்று ஆங்கிலக் கால்வாயைத் தாமே விமானம் ஓட்டிக் கடந்த முதல் பெண்ணானார். டைட்டானிக் கப்பல் அதற்கு முந்திய நாள்தான் மூழ்கியிருந்ததால் செய்தித்தாள்களில் அவருக்கு இடம் கிடைக்காமற் போயிற்று. அவர் காலத்துத் தேர்வு கைத்திறனை அளந்தது. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் மனத்தை அது அளக்கவில்லை. ஒரு நூற்றாண்டில் எத்தனையோ உயிர்களைக் கொடுத்த பின்னரே, தேர்வின் பார்வை கையிலிருந்து மனத்துக்கும் ஏறியிருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது.

விமானம் மேலெழுந்துவிட்டது. இப்போது அதன் தலைவர் யார்? வயதிலும் அனுபவத்திலும் மூத்த தேர்வாளர் என்றுதானே எண்ணுவோம்? இல்லை! சட்டப்படி, தேர்வு கொடுப்பவரே விமானத்தின் தலைவர். தேர்வாளர் பொதுவாக, உற்றுப் பார்க்கும் ஒரு பயணியே. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, தன் தந்தையைவிட மூத்தவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவருடைய உயிருக்கும் பொறுப்பேற்றுப் பறக்கிறாள்.

அப்பெரியவர் சும்மாவும் இருப்பதில்லை. அவள் கவனத்தை வேண்டுமென்றே கலைக்கிறார். இறங்கும் நேரத்தில் ஊர்க்கதை பேசுகிறார். எழுதுகோலைக் கீழே போட்டுவிட்டு எடுத்துத் தரச் சொல்கிறார். அவள் மரியாதையை நினைத்து எடுத்துக் கொடுக்கக் குனிந்தால் போயிற்று. ‘ஐயா, சற்றுப் பொறுங்கள், இறங்கிய பின் பேசுவோம்’ என்று சொல்கிறவளுக்கே தேர்ச்சி. இதை எங்கள் தோழி ஒருத்தி வீட்டில் விளக்கியபோது அவளுடைய பாட்டி, ‘ஏண்டியம்மா, பெரியவங்க சொன்னதைத் தட்டுறதுக்கா அந்த ஊர்ல மார்க் போடுறாங்க?’ என்று கேட்டாராம். பாட்டியின் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியதன்று. பணிவு வேறு, பொறுப்பு வேறு என்று நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பணிந்து நடக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பழகுகிறோம். ‘பொறுங்கள்’ என்று பணிவோடு சொல்ல ஒரு பாடவேளைகூட இல்லை.

வானில் செய்ய வேண்டியவை பல. எல்லாவற்றையும் எழுதினால் ஆண்டு மலர் தாங்காது. விமானத்தை 45 பாகை சாய்த்து முழு வட்டம் அடிக்க வேண்டும். அதற்குள் உயரம் நூறு அடிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. கண்ணை மறைக்கும் ஒரு முகமூடியை அணிந்துகொண்டு, வெளியே பாராமல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்க வேண்டும். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு மேகத்துக்குள் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் இந்தப் பயிற்சி. திடீரென்று வழியை மாற்றி வேறொரு விமான நிலையத்துக்குப் போகச் சொன்னால், தூரமும் நேரமும் எரிபொருளும் அங்கேயே கணக்கிட வேண்டும்.

இரண்டு சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஒன்று ‘ஸ்டால்’. எஞ்சின் நின்றுபோவதைத்தான் ஸ்டால் என்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், இறக்கையின் மேற்புறம் ஒட்டி ஓடிய காற்று பிரிந்துபோகிறது; தூக்கும் விசை குறைந்து விமானம் விழத் தொடங்குகிறது. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நேரலாம். தேர்வில் இதை வேண்டுமென்றே வருவித்து மீண்டு காட்ட வேண்டும். மீளும் வழி என்ன? விழுகிற விமானத்தின் மூக்கை இன்னும் கீழே தாழ்த்துவது! விழும்போது மேலே இழுக்கத்தான் கை துடிக்கும். இழுத்தால் நிலை மேலும் மோசமாகும். தாழ்த்தினால் காற்று மீண்டும் இறக்கையைப் பற்றிக்கொள்ளும். உள்ளுணர்வுக்கு எதிராகக் கையைப் பழக்குவதென்றால் எத்தனை முறை செய்து பார்த்திருக்க வேண்டும்!

மற்றொன்று எஞ்சின் நிற்பது. பறந்துகொண்டிருக்கும்போது தேர்வாளர் கை நீட்டி எஞ்சின் விசையைக் குறைத்து, ‘உங்கள் எஞ்சின் நின்றுவிட்டது’ என்கிறார். ஓசை அடங்குகிறது. இங்கே பதறுகிறவர் உடனே வானொலியை எடுத்து உதவி கேட்பார். ஆனால் வரிசை வேறு. முதலில் விமானத்தை ஓட்டு. அடுத்து எங்கே போவது என்று பார். அதன் பிறகே பேச்சு. செஸ்னா போன்ற விமானம் எஞ்சின் இல்லாமலும் கல்லைப்போல் விழுந்துவிடாது. உரிய வேகத்தில் பிடித்தால், ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் தூரம் சறுக்கிச் செல்லும். அந்த வேகத்துக்குக் கொண்டுவந்து, காற்று வீசும் திசை பார்த்து, இறங்க ஏற்ற வயலொன்றைத் தெரிந்தெடுத்து, அதன் பக்கம் திரும்பிய பின், எரிபொருள் திறந்திருக்கிறதா, தீப்பொறி விசை சரியா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். போதிய உயரம் இருக்கும்போதே தேர்வாளர் ‘போதும்’ என்பார். எஞ்சின் மீண்டும் முழங்க விமானம் மேலேறும்.

இனி எங்களுக்கு மிகவும் பிடித்த விதிக்கு வருவோம். வேகமானியின் முள் எல்லையைத் தாண்டியதா, உயரம் நூற்றிருபது அடி குறைந்துவிட்டதா? அதனால் மட்டும் தோல்வி இல்லை. தாமே கண்டு உடனே திருத்திக்கொள்கிறாரா என்பதையே பார்க்கிறார்கள். எல்லையைத் தாண்டியும் அறியாதிருப்பதும், அறிந்தும் திருத்தாதிருப்பதும், திரும்பத் திரும்பத் தாண்டுவதுமே தோல்வி. ஆபத்தைத் தடுக்கத் தேர்வாளர் தம் கையை நீட்டிக் கட்டுப்பாட்டைப் பற்ற நேர்ந்தால் அதுவும் தோல்வி. இறங்கும்போது உயரம் கூடிவிட்டது, பாதையின் முற்பகுதி கடந்துவிடும் என்று கண்டால், முழு விசை கொடுத்து மேலேறிச் சுற்றிவந்து மறுபடி இறங்கலாம். இப்படிச் சுற்றிவருவது வெட்கமன்று. அது தேர்வின் பாடங்களுள் ஒன்றாகவே அச்சிடப்பட்டிருக்கிறது!

நம் விடைத்தாளில் அடித்தல் திருத்தலைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ‘அடித்தல் திருத்தல் இன்றி எழுதுக’ என்பது சிறு வயது முதல் நாம் கேட்டுவரும் அறிவுரை. கையெழுத்துக்கு அது சரியாக இருக்கலாம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நம் தேர்வில் நூற்றுக்கு 35 பெற்றால் தேர்ச்சி. எஞ்சிய 65-இல் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. விமானத் தேர்வில் விழுக்காடே கிடையாது. மேலெழுவது மிக நன்று, இறங்குவது சுமார், இரண்டையும் கூட்டி வகுத்தால் தேர்ச்சி என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு பகுதியிலும் தேற வேண்டும். ஒன்றில் தோற்றால் அன்று உரிமம் இல்லை. மீண்டும் பயின்று 60 நாட்களுக்குள் வந்தால், தோற்ற பகுதியை மட்டும் செய்தாலே போதும்.

இவ்விடத்தில் நம் சகோதரிகள் புன்னகைக்கும்படி ஒரு செய்தி. தேர்வெழுதும் மாணவர்க்கும் வானில் பறப்போர்க்கும் பாதுகாவலர் ஒருவரே! அவர் குப்பெர்தினோ ஊர்ப் புனித சூசை (1603–1663). படிப்பு ஏறாத அவர் குருத்துவத் தேர்வுக்குச் சென்றபோது, முன்னே சென்ற சிலர் மிக நன்றாக விடை கூறியதால் ஆயர் மகிழ்ந்து, மற்றவர்களைக் கேளாமலே தேர்ச்சி கொடுத்துவிட்டார் என்பது வழிவழியாகக் கூறப்படும் வரலாறு. செப்டம்பர் 18-இல் அவர் திருநாள். தேர்வெழுதும் நாம் அவரை வேண்டிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் விமானத் தேர்வாளர் எவரும் அந்த ஆயரைப் போல் நடந்துகொள்ள மாட்டார் என்பதை விண்ணப்பிப்போர் நினைவில் கொள்க.

அமெரிக்க விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் நூலில் ஆபத்தான மனப்பான்மைகள் ஐந்து கூறப்பட்டுள்ளன. விதிகளை வெறுப்பது, எண்ணாமல் செய்வது, எனக்கொன்றும் நேராது என்றிருப்பது, வீரம் காட்டுவது ஆகியவை முதல் நான்கு. இவற்றை நம் சகோதரர்களிடம் நாள்தோறும் மிதிவண்டியிலும் மோட்டார் வண்டியிலும் பார்க்கிறோம். அதனால் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஐந்தாவதே நம்மைச் சுட்டது. ‘என்னால் என்ன ஆகும்’ என்று கைவிட்டுவிடுவது! இதை அடக்கம் என்றல்லவா நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்? பெண் குழந்தை எதிலும் முடிவெடுக்காமல், ‘அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் அவளைப் புகழாத வீடு ஏது? வானில் எஞ்சின் அடங்கும்போது அப்பாவைக் கேட்க முடியாது. அந்த மனநிலை அங்கே அடக்கமாகக் கருதப்படுவதில்லை, ஆபத்தாகவே எழுதப்பட்டிருக்கிறது. தந்தையரை மதிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த முடிவு யாருடையது என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம். விமானத்திலேயே அதற்கு அழகான வழக்கமொன்று உண்டு. கட்டுப்பாடு ஒருவரிடமிருந்து மற்றவரிடம் மாறும்போது, ‘விமானம் உங்கள் கையில்’ என்று ஒருவர் சொல்ல, ‘விமானம் என் கையில்’ என்று மற்றவர் ஏற்க, ‘ஆம், உங்கள் கையில்’ என்று முதல்வர் மீண்டும் உறுதி செய்கிறார். மூன்று முறை சொல்லியே பொறுப்பு கை மாறுகிறது. நம் வீடுகளில் மகள்களுக்குப் பொறுப்பு எப்போது கை மாறியது என்று யாருக்கேனும் தெரியுமா?

எங்கள் கருத்தை மறுப்போரும் உண்டு. பெற்றோர் ஒருவர், ‘தமிழ்நாட்டில் ஓர் ஆண்டில் எட்டு, ஒன்பது இலட்சம் பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தேர்வாளரை உட்கார வைக்க முடியுமா?’ என்று கேட்டார். முடியாது, ஒப்புக்கொள்கிறோம். மேலும் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், பெயர் தெரியாத திருத்துநர் என்னும் முறையால்தான் ஏழை வீட்டுப் பெண்ணும் பணக்கார வீட்டுப் பெண்ணும் ஒரே தராசில் நிற்கிறார்கள். அதை இழக்க நாங்கள் விரும்பவில்லை. விமானப் பயிற்சியோ ஒரு மணி நேரத்துக்கே பல ஆயிரம் ரூபாய் விழுங்குவது. அந்தத் தராசில் ஏறவே பணம் வேண்டும். இருந்தும் நம் நாட்டுப் பெண்கள் தயங்கி நிற்கவில்லை. சரளா தக்ரால் 1936-இல் லாகூரில் ஜிப்ஸி மாத் விமானம் ஓட்டி உரிமம் பெற்றார். அப்போதே அவர் ஒரு குழந்தைக்குத் தாய். இன்று பெண் விமானிகளின் விகிதம் உலகிலேயே மிகுந்திருக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. நம் நாட்டில் மாணவ விமானி உரிமத்துக்கு வயது 16, தனியார் விமானி உரிமத்துக்கு 17. கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. நாம் பெறப்போகும் மதிப்பெண் பட்டியலே அதற்குப் போதும் என்பது எங்கள் வகுப்பில் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

எழுத்துத் தேர்வு இருக்கட்டும். செய்முறைத் தேர்வு ஒன்று நமக்கும் உண்டே! அறிவியலில் 25 மதிப்பெண். குவிலென்சின் குவியத் தொலைவு காண்கிறோம். கம்பியின் மின்தடை எண் காண்கிறோம். விடை எவ்வளவு வரும் என்பது முன்பே எல்லாருக்கும் தெரியும். எனவே அளவீடு ஒத்துவராவிட்டால், திரையை நகர்த்திப் பார்ப்பதற்குப் பதிலாக எண்ணை நகர்த்திவிடும் வழக்கம் பல ஊர்களில், பல பள்ளிகளில் இருப்பது யாவரும் அறிந்ததே. உயரமானி 1,800 அடி காட்டும்போது 2,000 என்று எழுதிவைக்கும் விமானியோடு நாம் பயணம் செய்வோமா? மாணவியரைக் குறை கூறிப் பயனில்லை. ‘இந்த அளவீடு ஒவ்வவில்லை, மீண்டும் எடுக்கிறேன்’ என்று சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற அச்சமே அவர்களை அங்கே தள்ளுகிறது.

ஆகவே எங்கள் அறிவியல் ஆசிரியைகளிடமும் தலைமைச் சகோதரியிடமும் ஒரு வேண்டுகோள். வாரியத் தேர்வை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் பள்ளியிலேயே நடக்கும் மாதிரிச் செய்முறைத் தேர்வு அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில், பிழையைத் தானே கண்டு சொல்லி மறுபடி அளக்கும் மாணவிக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். லென்சைத் தாங்கி ஆடினால், ‘இந்தத் தாங்கியில் அளக்க இயலாது, வேறு வேண்டும்’ என்று சொல்கிறவளுக்கு அதற்கென ஒரு மதிப்பெண் கொடுங்கள். முடிவில், ‘எங்கே தவறு நேர்ந்திருக்கலாம்?’ என்று ஒரே ஒரு வாய்மொழி வினா கேளுங்கள். நாங்கள் இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடித்துப் போகிறோம். இதனால் எங்களுக்கு இலாபமில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே வரும் தங்கையருக்காகவே கேட்கிறோம். ஒரு குவிலென்சும், ஒரு மெழுகுவத்தியும், ஒரு பிற்பகலும் போதும். விமானம் கேட்கவில்லை!